‘வித்’ என்றால் ‘கூட’

எங்கள் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், வெளிநாடு போகத் தேர்வு எழுதும் நர்ஸ் பெண்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைக் கண்டால் அவர்களுக்குப் பயம். இன், அட், வித், டு என்று வரும் பொடிச்சொற்களில் தப்பு விட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “ரெண்டெழுத்துதானே டீச்சர்” என்று ஒருத்தி சொன்னாள். அந்த ரெண்டெழுத்துக்காக அவளை அன்று முழுக்க நான் விடவில்லை.

அன்றைக்கும் அதுதான் பாடம். ‘இன் ஹாஸ்பிடல்’ என்றால் படுக்கையில் கிடக்கிற நோயாளி. ‘அட் த ஹாஸ்பிடல்’ என்றால் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான்; ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு யாரையோ பார்க்கப் போனவராகவும் இருக்கலாம். நமக்கு இந்தக் கரைச்சலே கிடையாது. ‘ஆஸ்பத்திரியில’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நோயாளி, டாக்டர், வாசலில் நிற்கிற காவல்காரர் எல்லாரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மேசைமேல் போன் அதிர்ந்தது.

என் கணவர் வளைகுடாவில் வெல்டர். செய்தி அவரிடமிருந்து வரவில்லை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நம்மூர்க்காரர் அனுப்பியிருந்தார், இங்கிலீஷில். ‘அண்ணா அட் ஹாஸ்பிடல். டோன்ட் ஃபியர்.’

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். கணவரின் எண்ணை அழைத்தேன், அணைந்து கிடந்தது. அறைக்காரரின் எண் அடித்து அடித்து ஓய்ந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க அந்த ‘அட்’டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தேன். ‘இன்’ என்று எழுதவில்லையே. வேறு யாரையோ பார்க்கப் போயிருப்பார். அப்படியானால் எதற்கு டோன்ட் ஃபியர்? அதற்கும் மண்டைக்குள் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் மாமி, என் கணவரின் அம்மா, மத்தியானத்துக்கு மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். நான் நேரத்தோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். என்னால் மறைக்க முடியவில்லை.

“அவரு ஆஸ்பத்திரியில இருக்காராம் மாமி. சும்மா போயிருப்பாரு.”

“சும்மா ஆரு போவா ஆஸ்பத்திரிக்கு?”

நான் மறுபடி அறைக்காரரின் எண்ணைத் தேடினேன். அப்போது இரண்டாவது செய்தி வந்தது.

‘அண்ணா ஈஸ் வித் காட். வீ ப்ரே.’

அண்ணன் கடவுளோடு இருக்கிறார். இங்கிலீஷில் இதற்கு ஒரே அர்த்தம்தான். செத்துப்போனவரைத்தான் இப்படிச் சொல்வார்கள். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் மரணத்தை நாசூக்காகச் சொல்வதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காது அடைத்துக்கொண்டது. கிழங்குத் தோல், தண்ணீர்ச் சட்டி, மாமியின் கால்விரல்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு சத்தமும் கேட்கவில்லை. மாமியின் வாய் அசைவதைப் பார்த்துத்தான் அவர் ஏதோ கேட்கிறார் என்று புரிந்தது.

“என்ன எழுதியிருக்கான் மக்களே? வாசி.”

மாமி நெஞ்சுவலிக்கு மாத்திரை தின்கிறவர். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. நான் எப்படி வாசிப்பேன்? பொய் சொன்னேன். அதே வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் இடம் மாற்றிவிட்டேன்.

“கர்த்தர் கூட இருக்காருன்னு எழுதியிருக்கான் மாமி.”

எங்கள் சபையில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற பேச்சு அது. பரீட்சைக்குப் போகிறவளிடமும் சொல்வார்கள், ஆபரேஷனுக்குப் போகிறவரிடமும் சொல்வார்கள். மாமி “ஸ்தோத்திரம்” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். “அப்பம் பயமில்ல” என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் போய்விட்டான், இந்த மனுஷி கிழங்கு வெட்டிக்கொண்டிருக்கிறார். அதை வேகவைத்து, மீன்குழம்பு ஊற்றி என்னையும் சாப்பிட வைத்தார். விழுங்கினேன். உடல் வந்து சேர எத்தனை நாள் ஆகும், போதகரிடம் யார் போய்ச் சொல்வது, இந்தப் பொய்யை நான் எந்த வாயால் திருப்பி எடுப்பது என்று யோசித்துக்கொண்டே விழுங்கினேன். ஒவ்வொரு தடவை மாமி என் முகத்தைப் பார்த்தபோதும் தெரிந்துபோயிற்றோ என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு அறைக்காரர் அழைத்தார்.

“டீச்சர், அண்ணனுக்குக் குழப்பம் ஒண்ணுமில்ல. வெயில்ல மயங்கி விழுந்துட்டாரு. ரெண்டு நாளைக்குச் சேர்த்திருக்காங்க, டிரிப்ஸ் ஏறுது. இன்னா, அண்ணன்கிட்டயே பேசுங்க.”

சேர்த்திருக்கிறார்கள். அதாவது ‘இன்’. அதுவும் தப்பாகத்தான் எழுதியிருக்கிறார். பிறகு தூக்கக் கலக்கத்தோடு என் கணவரின் குரல், “சாப்பிட்டியா?” என்று கேட்டது. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. போன் மறுபடி அறைக்காரர் கைக்குப் போனதும் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள்.

“தமிழ்ல எழுதினா கை ஒடிஞ்சா போகும் உங்களுக்கு?”

“இல்ல டீச்சர், இங்கிலீஷ் டீச்சருக்குத் தமிழ்ல அனுப்பினா மரியாதையா இருக்காதேன்னுதான்...”

“அதுக்கு வித் காடுன்னா எழுதுவீங்க? அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?”

“தெரியும் டீச்சர்,” என்றார், கொஞ்சம் பயந்துபோய். “வித்துன்னா கூட. கர்த்தர் கூட இருக்காருன்னுதான் எழுதினேன்.”

போனை வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, மூன்று மணி நேரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதேன். மாமி ஓடிவந்தார். விஷயத்தை விக்கி விக்கிச் சொல்லி முடித்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் மூஞ்சியைத் துடைத்துவிட்டார்.

“இதுக்கு எதுக்குட்டி அழுக? நீதானே அப்பமே சரியா வாசிச்சுச் சொன்ன.”