காட்டேரி ஏற்றுக்கொண்ட பழி

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடலூருக்குப் போனேன். ரத்தம் குடிக்கும் காட்டேரியின் கதை எப்படித் தோன்றியது என்று பார்த்து எழுதப் போவதாகப் பத்திரிகை அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மைதான்.

நான்கு வருடத்துக்கு முன் என் அக்கா செல்வி, பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். "ரத்தக் காட்டேரி அடிச்சிடுச்சு" என்று அவள் கணவர், என் மாமா வீட்டில் சொன்னார்கள். அம்மா கொதித்துப்போனாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அக்காவின் மகள் கயல் அங்கேயே வளர்ந்தாள். இந்த வருடக் காட்டேரி படையலுக்கு வரச்சொல்லி மாமா போன் செய்தபோது, என்னால் மறுக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் நான்கரை மணி நேரம். செம்மண்டலத்தில் மாமா, கயலோடு காத்திருந்தார். மூவரும் சிதம்பரம் பேருந்தைப் பிடித்தோம். சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வயல்வெளிக்குப் போகவேண்டும்.

கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், அதுதான் காட்டேரி. மாமாவின் அம்மா சமைத்துக் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பையும் முருங்கைக்கீரையையும் படைத்தோம். கயல் கறுப்பு வளையல்களைக் கல்லின் முன்னால் வைத்தாள்.

வெளிநாடுகளில் கொள்ளைநோய்க் காலத்தில், புதைத்த உடலின் வாயோரம் கசிந்த ரத்தத்தைப் பார்த்து, செத்தவரே எழுந்து வந்து மற்றவர் ரத்தத்தைக் குடிக்கிறார் என்று நம்பினார்களாம். காரணம் தெரியாத சாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நம்மூர்க் காட்டேரியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அக்காவின் சாவுக்குக் காரணம் தெரியுமே.

"மாமா, நீங்களும் அத நம்புறீங்களா?"

கயல் தள்ளிப் போய் உதிர்ந்த வேப்பிலை பொறுக்கத் தொடங்கியதும்தான் அவர் பேசினார்.

"டாக்டரு சொன்னது எனக்குப் புரியாமலாடா? பொறந்த அன்னிக்கே இந்தப் புள்ளய ஆத்தாள முழுங்குனவள்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. எங்கம்மாதான் எழுந்து, முழுங்குனது காட்டேரி, எம்பேத்திய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கன்னு கத்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

இத்தனை நாள் இதைக் கேட்காமலே இருந்துவிட்டோம். படையல் சோற்றை வெளியாட்களுக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதால் நான் ஒதுங்கி நின்றேன்.

"நீ என்னா வெளியாளா? ஒக்காரு" என்று எனக்கும் இலை போட்டார் மாமா.

திரும்பும்போது மூவரும் சிதம்பரம் வந்தோம்; பேருந்து நிலையத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் கயலிடம் கொடுத்தேன்.

"ஆயா, நீ ஏன் வரல?"

போகிறவர்களுக்கு: மதியத்துக்குள் போய்விடுங்கள், நிழல் குறைவு. தண்ணீர் கொண்டுபோங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சென்னையிலிருந்து காலை ஆறு மணிப் பேருந்தில் கூட்டம் இருக்காது, முழங்கால் வலிக்காரர்கள் முன்னிருக்கையில் காலை நீட்டி உட்காரலாம். இந்தக் கடைசி விவரம் அம்மாவுக்காக விசாரித்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்புகிறாள்.