பத்தொன்பதாம் அத்தியாயத்துக்காக ஒரு பேர்லின் பயணம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அயர்லாந்தையும் பார்க்காமல் அமெரிக்காவையும் பார்க்காமல், ஓர் ஐரிஷ் இளம்பெண் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போவதைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் எழுதியவன் நான். எழுதிய காலத்தில் மேற்கே நான் போயிருந்த கடைசி ஊர் பாலக்காடு. நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து எழுதினேன். உதவிக்கு இருந்தவை, கிளை நூலகத்தின் அட்டை கிழிந்த உலகப்படப் புத்தகமும் எதையும் விசாரிக்காத ஒரு வார இதழும்தான். ‘மேவ் போன கப்பல்’ இருபத்துநான்கு வாரம் தொடராக வந்தது. பிறகு புத்தகமானது. பிறகு, என் புத்தகங்களின் வழக்கப்படி, பதிப்பாளர் வீட்டுப் பரணில் ஏறிவிட்டது.

இந்த நிலையில் பேர்லினிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, “உங்கட நாவலைப் பற்றி எங்கட வாசகர் வட்டத்திலை நீங்கள் வந்து கதைக்கவேணும், டிக்கெட் நாங்கள் போடுறம்” என்றால், புத்தியுள்ளவன் ஏன் என்று கேட்டிருப்பான். நான் கோட்டு வாங்கப் போனேன். இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். ஐரோப்பா சற்றுத் தாமதமாகவாவது விழித்துக்கொண்டதே என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

வெள்ளி, காலை 9.40. பேர்லின் விமான நிலையம். வெளியே ஏழு டிகிரி. என் கோட்டு நாகப்பட்டினத்துக் குளிருக்குத் தைக்கப்பட்டது என்பது வாசலிலேயே புரிந்துவிட்டது. வதனி என்ற அந்தப் பெண்மணி கம்பளித் தொப்பியோடு காத்திருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை, கணவர் இறந்து ஆறு வருடம், ஒரே மகள். “மேடம்” என்றேன்.

“மேடம் எண்டு கூப்பிடாதேங்கோ அண்ணை. எல்லாருக்கும் நான் வதனி அக்காதான்.”

அவர் எனக்கு அக்கா, நான் அவருக்கு அண்ணன். இருவரில் ஒருவர் வயதைக் குறைக்கிறோம் என்பது மட்டும் உறுதி.

நகர ரயிலுக்கு டிக்கெட் நான்கு யூரோ எழுபது. நடைமேடையில் ஒரு சிறு பெட்டியின் வாயில் அதைக் கொடுத்து நாமே முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கதவு இல்லை, கம்பி இல்லை, பரிசோதகரும் இல்லை. யாரும் கேட்காமலே டிக்கெட்டோடு பயணம் செய்தது எனக்கு வாழ்க்கையில் முதல் தடவை. வதனி அக்காவின் வீடு இருக்கும் நொய்கெல்ன் பகுதிக்கு அரை மணி நேரம். பெட்டி முழுக்க ஆட்கள் இருந்தும் இருமல் சத்தத்தைத் தவிர வேறு ஒலியே இல்லை. இறங்கிப் போனால் காரே வராத தெருவில் சிவப்பு விளக்குக்காகப் பதினோரு பேர் நிற்கிறார்கள். நான் ஒரு காலைக் கீழே வைத்தேன். சைக்கிள் பெண் ஒருத்தி என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பகல் 12.30. இரண்டாம் மாடி வீடு. குத்தரிசிச் சோறு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை. மேசை ஓரத்தில் என் நாவல். பரணில் இருக்கும் பிரதிகளைவிட அது பத்து மடங்கு நைந்திருந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தேன். தானாகவே ஓரிடத்தில் திறந்துகொண்டது. பத்தொன்பதாம் அத்தியாயம்.

“அதுதான் அண்ணை விசயம்,” என்றார் வதனி அக்கா, எனக்கு இன்னொரு கரண்டி கணவாய் போட்டபடி. “மகள் அபிராவுக்கு பாஸ்டனிலை ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலை வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமைக்குள்ளை கையெழுத்து வைக்கவேணும். போகாதை எண்டு நான் சொல்லிக் கேக்கிறாள் இல்லை. நாளைக்குக் கூட்டத்துக்கு வருவாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி நான் எழும்பிக் கேப்பன். நீங்கள் சொல்லுங்கோ.”

“என்னத்தச் சொல்லணும்?”

“மகள் கப்பல் ஏறினதாலைதான் தாய் செத்தவ எண்டு.”

ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி என்னை அழைத்தது எழுத்தாளன் என்பதற்காக அல்ல. அரசுத் தரப்புச் சாட்சியாக!

பத்தொன்பதாம் அத்தியாயம் இதுதான்: மேவின் கப்பல் பாஸ்டன் துறைமுகத்தைத் தொடும் அதே வேளையில், அயர்லாந்தின் கால்வே ஊரில் அவள் தாய், மகளின் தலையணையைக் கட்டிக்கொண்டு உயிரை விடுகிறாள்.

“நான் இருபத்திரண்டு வயசிலை தனிய வந்தனான் அண்ணை,” என்றார் வதனி அக்கா. குரலில் எந்த ஏற்றமும் இல்லை. “எட்டு மாசத்திலை அம்மா செத்துப்போனா. கடிதம் வரேக்கை பதினோரு நாள் ஆயிட்டுது. அகதியா ஏற்கச் சொல்லிப் போட்ட அசூல் கேஸ் முடியேல்லை, நாட்டை விட்டு வெளியிலை போக ஏலாது. உங்கட புத்தகத்தை இங்கை ஆரோ கொண்டுவந்து தந்தவை. அம்மாவும் என்ரை தலையணையோடைதான் படுத்தவவாம். அந்தத் தலையணையைப் பற்றி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்குத் தெரியாது. தலையணையை நான் எங்கிருந்து எடுத்தேன் என்றே நினைவில்லை. தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை, சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது.

சனி, பிற்பகல் 3.00. மூன்று மணி என்றால் இங்கே மூன்று மணிதான். 2.58க்கு இருபத்துமூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். தலைமையுரை இல்லை, பொன்னாடை இல்லை, வராத பிரமுகருக்காகக் காத்திருப்பதும் இல்லை. ஆறு மணிக்குள் கூடத்தைக் கூட்டித் துடைத்துச் சாவியைக் கொடுக்க வேண்டுமாம். நான் நாற்பது நிமிடம் என் படைப்பு மனத்தைப் பற்றிப் பேசினேன். முதல் கேள்விக்கு எழுந்தவள் அபிரா. இருபத்தேழு வயது, குட்டை முடி, கையில் சிறு குறிப்பேடு.

“அங்கிள், கால்வே அயர்லாந்தின்ரை மேற்குக் கரைதானே?”

“ஆமாம்மா.”

“அப்ப மேவ் ஒவ்வொரு நாளும் விடியக் கடற்கரையிலை நிண்டு, கடலுக்குள்ளையிருந்து சூரியன் எழும்பிறதைப் பாத்து, ‘அங்கைதான் அமெரிக்கா’ எண்டு சொல்றா. பதின்மூண்டு இடத்திலை சொல்றா, நான் எண்ணிப் பாத்தனான். மேற்குக் கரையிலை கடலுக்குள்ளையிருந்து சூரியன் எப்பிடி எழும்பும்?”

நான் மனதுக்குள் உலகப்படத்தை விரித்தேன். விரித்ததும் சுருட்டிவைத்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்த கடல் ஒன்றுதான், அதில் சூரியன் காலையில்தான் வரும். உலகத்துக் கடல்கள் எல்லாவற்றுக்கும் அதுவே விதி என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு நம்பியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் தமிழ்நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பரிசுகூடக் கொடுத்தார்கள்.

“திசை சரிம்மா,” என்றேன். “சூரியன்தான் தப்பு.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். அபிரா உட்காரவில்லை. “சூரியனே பிழை எண்டால், மற்றது எப்பிடி அம்மா சரியா இருக்கும்?” என்று தாயைப் பார்த்துக் கேட்டாள்.

வதனி அக்கா எழுந்தார். “சூரியனை விடு. அது ஆருக்கும் பிழைக்கும். அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. மேவின்ரை தாய் ஏன் செத்தவ?”

இருபத்துமூன்று முகங்கள். முந்தின நாள் கணவாய்க் கறி என் பக்கத்தில் நின்று ‘சொல்லு’ என்றது. மகள் போனதால், என்று ஒரு வரி போதும். நான் அந்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அபிராவின் முகத்தைப் பார்த்தேன். அவள் குறிப்பேட்டை மூடிவிட்டாள். நான் சொல்லப்போவது அவளுக்கு முன்பே தெரியும் போல, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓவியருக்கு வயசானவங்கள வரைய வராதுங்க,” என்றேன்.

வதனி அக்காவுக்குப் புரியவில்லை. விளக்கினேன். தொடருக்குப் படம் போட்டவர் பெரிய கைகாரர். அவர் தூரிகையில் இளம்பெண்கள் மூச்சுவிடுவார்கள். வயதான பெண்கள் மட்டும் மீசை மழித்த ஆண்களாக வந்து சேர்வார்கள். பதினெட்டாவது வாரம், துறைமுகத்தில் தாயும் மகளும் விடைபெறும் காட்சி. ‘மேவைக் கட்டிப்பிடித்து அழும் அந்தப் பெரியவர் யார்? அவளுக்கு அவர் என்ன உறவு?’ என்று கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆசிரியர் போன் செய்து, ‘சார், அந்த அம்மாவ அடுத்த வாரமே முடிச்சிருங்க’ என்றார். நான் முடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் எழுதிய அத்தியாயம் அது.

கூடம் வெடித்துச் சிரித்தது. அபிராகூடச் சிரித்துவிட்டாள். வதனி அக்கா மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

“அப்ப அவள் போனதாலை சாகேல்லை.”

“இல்லக்கா.”

“படம் சரியா வராததாலை.”

“ஆமாக்கா.”

“அந்த மனுசியை உயிரோடையும் விட்டிருக்கலாம்.”

“விட்டிருக்கலாம்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

மாலை 5.40. எல்லோரும் நாற்காலிகளை அடுக்கினார்கள். சிறப்பு விருந்தினர் கையிலும் ஒரு துடைப்பம் தரப்பட்டது. வதனி அக்கா பக்கத்தில் வந்து கூட்டினார். கோபித்துக்கொள்வார், குறைந்தபட்சம் டிக்கெட் செலவைப் பற்றியாவது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணை, நான் வெளிக்கிட்டதாலைதான் அம்மா செத்தவ எண்டு ஊரிலை ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றார், தரையைப் பார்த்தபடி. “அண்ணன் சொல்லேல்லை, சித்தி சொல்லேல்லை. நெருப்புக்காய்ச்சல் எண்டுதான் எழுதினவை. உங்கட புத்தகம்தான் முதல்முதல் சொன்னது. நான் உங்களைத்தான் நம்பினனான்.”

இந்தப் பயணத்தில் நான் பட்ட அதிர்ச்சிகளில் குளிரும் சிவப்பு விளக்கும் சூரியனும் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு வார இதழின் பிரச்சினைக்காக ஒன்றரை மணி நேரத்தில் நான் கொன்ற ஒரு தாய், இங்கே ஒரு பெண்ணின் தலையில் இத்தனை வருடம் பழியாக உட்கார்ந்திருக்கிறாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேனா, மனதுக்குள் மட்டும் நினைத்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. “மூலையிலை குப்பை கிடக்கு, பாத்துக் கூட்டுங்கோ,” என்றார் அவர்.

ஞாயிறு. கடைகள் பூட்டு. இன்று துவைக்கும் இயந்திரம் ஓட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவாராம். மூவரும் காலை உணவுக்கு உட்கார்ந்தோம். அபிராவின் ஒப்பந்தத் தாள் ஜாம் போத்தலுக்கடியில் கிடந்தது. வதனி அக்கா போத்தலைத் தூக்கி, தாளில் ஒட்டியிருந்த ஜாமை விரலால் வழித்து, மகள் பக்கம் தள்ளினார்.

“வை.”

“அம்மா...”

“வையடி. பிறகு குளிருக்கு என்ன கொண்டுபோறதெண்டு பாப்பம்.”

அபிரா பேனா தேடி உள்ளே போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. ஒரு பேனா தேட அவ்வளவு நேரம் ஆகாது.

திங்கள், காலை 8.15. விமான நிலையத்துக்கு அபிரா என்னோடு வந்தாள். இந்த முறை டிக்கெட்டில் நானே முத்திரை குத்தினேன், கொஞ்சம் கர்வத்தோடு.

“அங்கிள், அந்தத் தாயைச் சாகவிடாட்டி, மிச்சக் கதை எப்பிடிப் போயிருக்கும்?”

உண்மையைச் சொன்னேன். “எனக்குத் தெரியாதும்மா. செத்துட்டா மேவ் அழுதுட்டு வேலையப் பாக்கலாம். அம்மா உயிரோட அங்க தனியா இருக்கிறப்போ, பொண்ணு இங்க அடுத்த அஞ்சு வாரத்த எப்படி ஓட்டுவா? எழுத வரல.”

அவள் சன்னலைப் பார்த்தபடி, “எனக்கும்தான் தெரியாது,” என்றாள்.

ஊர் திரும்பினேன். நாகப்பட்டினம் ரயிலில் என் இருக்கையில் நான்கு பேர் உட்கார்ந்து, நான் எங்கிருந்து வருகிறேன், ஜெர்மனியில் என்ன சம்பளம், ஏன் இவ்வளவு மெல்லிய கோட்டு என்று திருவாரூர் வரை விசாரித்தார்கள். பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நல்லவேளை, ஒருவரும் என் நாவலைப் படித்திருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து வதனி அக்கா அழைத்தார். அபிரா பாஸ்டனுக்குப் போய்விட்டாளாம். தினமும் பேசுகிறாளாம். சமைக்கும்போது போனை அடுப்புக்கு எதிரே சாத்திவைத்துக்கொண்டு, உப்பு எவ்வளவு என்று கேட்கிறாளாம். சந்தோஷமாக இருந்தது. அடக்கத்தோடு, “ஏதோ என் பேச்சால ஒரு நல்லது நடந்துச்சே அக்கா” என்றேன்.

“அதுவும் சரிதான் அண்ணை,” என்றார். “உண்மையைச் சொன்னால், நாங்கள் முதல் வரச்சொல்லிக் கேட்டது உங்களை இல்லை. டிவி சீரியலுகளிலை அம்மாவா வந்து அழுகிற நடிகை ஒருத்தி இருக்கிறா எல்லே, அவவைத்தான் கேட்டனாங்கள். ஷூட்டிங் இருக்கு, டேற் இல்லை எண்டிட்டா. அவ வந்து ஒருக்கா அழுதிருந்தால் பிள்ளை போயிருக்காது.”