கை உயர்த்தாத பிள்ளை

நான் தயாரித்துக் கொடுத்த வகுப்பறை அவதானிப்புப் படிவத்தில், ஒரு பிள்ளையைப் பற்றி "கை உயர்த்தவில்லை. கற்றல் ஊக்கம் குறைவு" என்று பயிற்சி ஆசிரியை எழுதியிருந்தாள். பக்கத்தில் ஓர் உளவியல் கோட்பாட்டின் பெயர் வேறு. வாசித்ததும் என் வலக்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது.

சின்ன வயதில் பாலையூற்றுப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது என் வெள்ளைச் சட்டை கமக்கட்டில் கிழிந்திருந்தது. அம்மா தைக்கத் தைக்க அதே இடம் பிய்யும். கையைத் தூக்கினால் கிழிசல் தெரியுமென்று, விடை தெரிந்தும் தூக்கமாட்டேன். ஒருநாள் வகுப்பை அவதானிக்க வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர், "இந்தப் பிள்ளைக்குப் படிப்பில ஆர்வமில்லை" என்று எனக்குக் கேட்கும்படியே ரீச்சரிடம் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளையோட கதைச்சனீங்களோ?" பயிற்சி ஆசிரியையிடம் கேட்கும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது.

"இல்லை மிஸ்."

"பேராவது தெரியுமோ?"

"தெரியாது. நீங்கள் தந்த படிவத்தில பேர் எழுத இடமில்லையே, மிஸ்."