ஒரே கவரில் வந்த மீன்கள்

ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பேசினேனோ, இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அபார்ட்மெண்டில் கூட்டிப் பெருக்குகிறேன். சேர்ந்த புதிதில், கொசு ஒழிக்க வந்தவர்கள் ஒரு கவரில், கொசுப்புழு தின்கிற கப்பி மீன் கொடுத்தார்கள். பாதியைத் தோட்டத்துக் குளத்தில் விட்டேன், பாதியை மொட்டை மாடிச் சிமெண்டுத் தொட்டியில். குளத்தில் யாரோ விட்ட விரால்கள் இருந்தன. மாடித் தொட்டிக்கு வலை போட்டிருந்தேன், காக்கைகூட வாய் வைக்க முடியாது.

பத்து வருஷத்தில் இரண்டும் ஆளே மாறிப்போயின. குளத்தில் பளபளத்த ஆண்களை விரால் முதலில் விழுங்கியது; சேற்று நிறத்தில் இருந்தவை தப்பிக் குஞ்சு போட்டன. மாடியில் பயமில்லை. பெண்மீன்கள் பளபளப்பைத்தான் தேடிப் போயின. அங்கே ஆண்களெல்லாம் ஆரஞ்சுப் பொட்டும் விசிறி வாலுமாக மாப்பிள்ளை ஊர்வலம் போலத் திரிந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். சோலார் பேனல் வைக்க மாடித் தொட்டியை இடிக்க வேண்டும் என்றார் செக்ரட்டரி.

"மீனை கீழ குளத்துல கொட்டிடுங்க."

கொட்டினால் ஒரு வாரம் தாங்காது. என் வாய் தானாகத் திறந்தது.

"வேணாங்க சார். அது வேற ஜாதி, இது வேற ஜாதி. ஒண்ணா விடக்கூடாதுங்க."



"ஏன் அஜ்ஜி, மீன்லயுமா ஜாதி பாக்கறீங்க?" என்றார் ஒரு கன்னடத்தம்மா; பாட்டியை அவர்கள் அஜ்ஜி என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"கலரெல்லாம் தீனியால வர்றது. கீழ விட்டா மாறிடும்" என்றார் செக்ரட்டரி.

"மாறலீங்க சார். ரெண்டுத்தோட குஞ்சையும் ரெண்டு பக்கெட்ல வளத்தேன். ஒரே தண்ணி, ஒரே தவிடு. மேல்குஞ்சு பொட்டு வெச்சுக்கிட்டுதான் வளந்துச்சு, கீழ்க்குஞ்சு மங்கலாதான் இருந்துச்சு."

ஓடிப்போய் இரண்டு ஊறுகாய் பாட்டிலில் மொண்டு வந்து மேஜைமேல் வைத்தேன். காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ரிட்டையரான அம்மா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஒரே கவர்ல வந்ததா?"

"ஆமாங்கம்மா."

"ஜாதி இல்லம்மா, இனம். இப்பவும் ரெண்டும் ஒரே இனம்தான். ஆனா இப்படியே ரொம்ப ரொம்ப காலம் பிரிஞ்சு கிடந்தா, சேத்து விட்டாலும் குஞ்சு போடாத நாள் வரலாம். அன்னைக்கு இது புது இனம். எல்லா உயிரும் இப்படித்தான் பிரிஞ்சுது." நிமிர்ந்து செக்ரட்டரியைப் பார்த்தார். "பக்கெட்ல வளத்துப் பாத்தாங்களே, அது நாங்க லேப்ல செய்யற வேலை சார். தொட்டிமேல கை வெக்காதீங்க."

பேனல் எதிர்மூலைக்குப் போனது. தொட்டி நின்றது. இப்போது தன் வீட்டுக்கு வருகிறவர்களை செக்ரட்டரியே மாடிக்குக் கூட்டி வந்து காட்டுகிறார்.

தொட்டிச் சுவரில் கன்னடத்தில் ஒரு வரி எழுதினார்கள். கீழே தமிழில் எழுத நானே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டேன். "குளத்து மீனை இதில் விடாதீர்." எழுத்து கொஞ்சம் கோணல். கேட்டிலிருந்து பார்த்தாலே தெரியும், அவ்வளவு பெரிதாக எழுதிவிட்டேன்.