வியாழக்கிழமை வந்த புதன்கிழமை விருந்தாளி

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதை யாராவது வெட்டி எடுத்து வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். ஃபோனில் படித்தவர்கள் மறந்துவிடுங்கள்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயேசு தம் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட அந்த இராப்போசனம் எந்த நாளில் நடந்தது? மூன்று சுவிசேஷங்களைப் படித்தால் அது யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்து என்றுதான் தெரிகிறது. நாலாவது சுவிசேஷமோ, பாஸ்கா ஆடுகளை வெட்டும் நாளிலேயே அவரைச் சிலுவையில் அறைந்துவிட்டார்கள் என்கிறது. அப்படியென்றால் பாஸ்கா விருந்து அதற்குப் பிறகுதானே வரவேண்டும்? ஒரே ஒரு நாள் வித்தியாசம். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான், அது கி.பி. முப்பதாம் ஆண்டா முப்பத்துமூன்றாம் ஆண்டா என்று அறிஞர்கள் இன்றைக்கும் பாஸ்கா வரும் பௌர்ணமியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சிக்கலை நான் ஒரே பக்கத்தில் தீர்த்து வைத்தேன். நான் சைவன். எபிரேயம் தெரியாது. கிரேக்கம் தெரியாது. டானிஷில் ஒரு கடிதம் எழுதினாலே மனைவி திருத்தித் தரவேண்டும். ஆனாலும் எழுதினேன். போதாததற்கு, "யூதர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது — இந்தச் சின்ன விஷயம் விளங்காதவர்கள்தான் குழப்புகிறார்கள்" என்று ஒரு போடு வேறு போட்டிருந்தேன்.

அந்த வரியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே ரூத் என்ற யூதப் பெண்மணி இருக்கிறார். நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து மூன்று வருடம். வருகிற மே மாதம் இந்த வீட்டை விட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் இருப்பதற்காகக் கொப்பன்ஹேகன் போகிறார். என் மனைவி மலர் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும்போது இருவரும் படிக்கட்டில் சந்தித்துக்கொண்டார்கள் என்றால், அன்று என் இரவுச் சாப்பாடு பிந்தும். அவ்வளவு சிநேகிதம்.

கட்டுரை வெளிவந்த அன்று ரூத் படிக்கட்டில் என்னிடம் அகப்பட்டார். விடுவேனா? நாள் எப்போது தொடங்கும், பழைய கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியார் யூதர்களின் பாஸ்கா மாதத்துப் பதினாலாம் நாளிலேயே ஈஸ்டர் கொண்டாடி மற்றவர்களோடு சண்டை பிடித்தது, அப்போஸ்தலர் பவுல் எந்த மாதத்தில் கப்பல் ஏறினார் என்று அறிய யூதர்களின் நோன்பு நாளை ஏன் பார்க்கவேண்டும்... எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கா கொண்டாடியே வளர்ந்த ஒரு மனுஷிக்கு! சாமான் பையைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கடைசியில் கேட்டார். டானிஷில் எல்லோருக்கும் 'நீ'தான், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"அந்தச் சாப்பாட்டைப் பற்றி உனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே... ஒரு தடவையாவது சாப்பிட்டிருக்கிறாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் இந்தப் பாஸ்காவுக்கு வா. மலரையும் கூட்டிக்கொண்டு வா. என் கணவர் போன பிறகு நான் அந்த மேசையை விரிக்கவே இல்லை. இந்த வீட்டில் கடைசியாக ஒருதரம் செய்துவிட்டுப் போக ஆசை. தனியாகச் செய்யத்தான் மனம் வரவில்லை."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மலர் கேட்ட முதல் கேள்வி: "எண்டைக்காம்?"

"வியாழன்."

"அவ சொன்னவவோ?"

"அவ என்ன சொல்லுறது? கலண்டரிலயே இருக்கு."

இருந்தது. இந்த வருடம் பாஸ்காவின் முதல் நாள் வியாழக்கிழமை என்று ஃபோன் காட்டியது. கிறிஸ்தவர்களின் பெரிய வியாழனும் அதே நாள். இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் அதே மாலையில் ஒரு பாஸ்கா விருந்து! ஒரு பத்தி எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்," என்றாள் மலர்.

கேட்பதா? நானா? என் தொழிலே ஒரு தொழிற்சாலையில் லொறிகளுக்கு நாள் குறிப்பது. அதோடு இப்போது பாஸ்கா அறிஞன் வேறு.

புதன்கிழமை வந்தது. பெரிய வியாழனுக்குக் கடைகள் பூட்டு என்ற முன்யோசனையோடு டியூலிப் பூக்கள் வாங்கி வாளித் தண்ணீரில் வைத்தேன். "பாஸ்காவில புளிச்ச மா எதுவும் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது, தோசை, பாண், கேக் ஒண்டும் வேண்டாம்," என்று மலருக்கு உத்தரவும் போட்டேன். வியாழன் எடுத்த லீவுக்கு ஈடாக அவள் புதன் பின்னேரம் வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று ஏப்ரல் முதலாம் திகதி. டென்மார்க்கில் அதற்கு ஏப்ரில்ஸ்னார் என்று பெயர்; யார் யாரையும் முட்டாளாக்கலாம். காலையிலேயே வேலையிடத்தில் ஒருவன், என் காரை யாரோ கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்ல, நான் ஜாக்கெட்டும் இல்லாமல் வெளியே ஓடி... கார் விட்ட இடத்திலேயே நின்றது. எல்லோரும் ஜன்னலில் நின்று கைதட்டினார்கள். ஒரே நாளில் இரண்டு தரம் ஏமாறுவேனா?

மாலை. ஹொல்ஸ்டெப்ரோ ஊரிலிருந்து ஒரு வாசகர் ஃபோனில் வந்தார்.

"அண்ணை, போன கிழமை எழுதினது அந்த மாதிரி, நல்லா இருந்தது! எண்டாலும் ஒரு சந்தேகம். நாள் பின்னேரம் தொடங்குது எண்டால், அது எப்பிடி?"

நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து விளக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ரூத்திடமிருந்து மெசேஜ். 'சாப்பாடு தயார். சூரியன் இறங்குகிறது. எங்கே நிற்கிறீர்கள்?'

ஓகோ... இவருமா! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று இருக்கிறதே — அதை, ஒன்று போதாது என்று மூன்றாக அனுப்பினேன். பிறகு வாசகரிடம் திரும்பினேன்.

"எங்க விட்டனான்? ஓம்... சூரியன் மறைஞ்சால் அடுத்த நாள் துவங்கியிடும், தம்பி. அதுதான் முக்கியம்."

மறுநாள் வியாழன் மாலை டை கட்டினேன். மலர் பட்டுச் சேலை. டியூலிப்போடு இரண்டு மாடி ஏறி மணியை அடித்தோம்.

ரூத் பழைய சுவெட்டர் ஒன்றோடு வந்து கதவைத் திறந்தார். என் டையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

"அது நேற்று," என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் மூளையுள்ள எவனும் என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இல்லையே ரூத், முதல் நாள் இன்றைக்குத்தானே..." என்று ஆரம்பித்தேன். அவருடைய வாசலில் நின்றுகொண்டு, அவருடைய பண்டிகை என்றைக்கு என்று, அவருக்கே!

"முதல் நாள் இன்றைக்குத்தான். ஆனால் அது நேற்று மாலையே தொடங்கிவிட்டது. விருந்தும் நேற்று மாலைதான். நாள் எப்போது தொடங்கும் என்று படிக்கட்டில் எனக்குச் சொன்னது நீதானே?" குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "மெசேஜ் போட்டேன். நீ சிரித்தாய்."

மலர் என் பக்கம் திரும்பினாள். "என்ன சிரிச்சனீங்கள்?"

பதிலுக்குக் காத்திராமல் என் சட்டைப்பையிலிருந்து ஃபோனை அவளே எடுத்துப் பார்த்தாள். மூன்று முகங்களும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன.

"உங்களுக்கு என்ன விசரே? மேசை போட்டு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்த மனிசிக்கு..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வெட்கம். எழுதுகிறவனுக்கு அவ்வப்போது வெட்கப்படுவது பழக்கம்தான். எழுத்துப் பிழைக்கு வெட்கப்பட்டிருக்கிறேன், தகவல் பிழைக்கு வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் கணவர் போன பிறகு முதல்தரமாக மேசை விரித்த ஒருவர், அந்த மேசையின் முன்னால் தனியாக உட்கார்ந்து என் சிரிப்பைப் பார்த்திருக்கிறார். பூவைக் கையில் கொடுத்துவிட்டு அப்படியே படியிறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

"மன்னித்துக்கொள், ரூத். ஏப்ரில்ஸ்னார் என்று நினைத்துவிட்டேன்."

மலர்தான் அவரிடம் சொன்னாள், டானிஷில். "இவருக்கு அறிவு கூடிப்போச்சு, ரூத். அதுதான் நாள் கிழமை தெரியுதில்லை."

அதற்குத்தான் ரூத்தின் முகம் கொஞ்சம் இளகியது.

"நேற்று எனக்கு நல்ல கோபம். இந்த விருந்தில் ஆளுக்கு நாலு கோப்பை வைன் குடிக்க வேண்டும். என் நாலையும் குடித்தேன். பிறகு உன்னுடையதில் ஒன்றை எடுத்தேன். அப்போதுதான் விளங்கியது... இந்த மனுஷன் நாளைக்கு டை கட்டிக்கொண்டு வந்து நிற்கப்போகிறான் என்று."

கதவை அகலத் திறந்தார். உள்ளே வெள்ளை விரிப்போடு மேசை அப்படியே இருந்தது. மூன்று தட்டுகள்.

"திட்டுவதற்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தேன்," என்றார் ரூத். "இப்போது பார்த்தால் திட்டு வரவில்லை. உள்ளே வாருங்கள். இரண்டாம் இரவு என்று ஒன்று இருக்கிறது. அது உன் கட்டுரையில் இல்லையா?"

இல்லை.

அவர் சொன்னது இது. அந்தக் காலத்தில் ஜெருசலேமில் பிறையைக் கண்ட பிறகுதான் மாதம் தொடங்கும். அந்தச் செய்தியை ஆள் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். தூர தேசங்களில் இருந்தவர்களுக்குச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேராது. இன்றைக்கா நாளைக்கா என்று தெரியாது. பிழை விடக்கூடாதே என்று அவர்கள் இரண்டு நாளும் கொண்டாடினார்கள். பிறகு காலண்டர் வந்து சந்தேகம் தீர்ந்தது. ஆனாலும் தூரத்தில் இருக்கிறவர்கள் பலர் இரண்டாம் இரவை விடவில்லை.

"என் அப்பா இரண்டு இரவும் செய்வார். என் கணவர் ஒன்றே போதும் என்பார். நான் இரண்டாம் இரவு செய்து எத்தனையோ வருடம். இன்றைக்குச் செய்வோம். இருட்டட்டும், இருட்டினால்தான் தொடங்கலாம். அதற்குள் சூப்பைச் சூடாக்குவோம்."

எனக்குள் இருந்த அறிஞன் இன்னும் சாகவில்லை. "இன்னும் இருட்டவில்லை என்றால்... உங்கள் கணக்குப்படி நாங்கள் வந்தது முதல் நாளிலேயேதான்..."

"வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ," என்றாள் மலர். அந்தத் தமிழ் ரூத்துக்கும் விளங்கியது.

வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தேன். எங்கள் சனம் மட்டும் என்ன? ஊர்ப் பஞ்சாங்கத்துத் திதியை டென்மார்க் நேரத்துக்கு மாற்றினால் விரதம் சிலவேளை ஒரு நாள் முந்திவிடுகிறது. அப்படி மாற்றும் ஹொல்ஸ்டெப்ரோக்காரருக்கு வெள்ளி, மாற்றாத எங்களுக்குச் சனி. ஒவ்வொரு தடவையும் ஃபோனில் சண்டை. இரண்டு பக்கமும் தங்களுக்குத்தான் தெரியும் என்கிற சண்டை. சுவிசேஷங்களின் அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்கும் இப்படி ஏதோ, ஆளுக்கொரு நாட்கணக்கு, காரணமாக இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. நான் இப்போது வேறு கட்சி. அந்தக் காலத்திலும் யாரிடமும் கேட்காமலே நாள் தெரிந்தவன் ஒருவன் இருந்திருப்பான். அவன் சொன்னதை யாரோ நம்பி எழுதி வைத்துவிட்டார்கள்.

இருட்டியது. ரூத் மெழுகுதிரி ஏற்றினார். இந்த இரவு மற்ற இரவுகளைப்போல ஏன் இல்லை என்று மேசையில் இளையவர் கேட்க வேண்டுமாம். மூவரில் மலர்தான் இளையவள். கேட்டாள்.

ரூத் என்னைப் பார்த்தார். "நேற்று வரவேண்டியவர் இன்றைக்கு வந்திருக்கிறார். அதனால்தான்."

பிறகு முறைப்படி, அவர்களுடைய முன்னோர் எகிப்திலிருந்து வெளியேறிய கதையைப் படிக்கத் தொடங்கினார். ஓரிடத்தில் குரல் நின்றுவிட்டது.

"இதிலிருந்து அவர்தான் படிப்பார்," என்றார். "நேற்றுத் தனியாகப் படித்துப் பார்த்தேன். முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்."

மலர் கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ரூத் தண்ணீர் குடித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து கடைசிவரைக்கும் படித்தார்.

அதற்குப் பிறகு, துன்பத்தை நினைக்கக் கசப்பான ஒன்றைச் சாப்பிட வேண்டும். துருவிய வெள்ளைக் கிழங்கு ஒன்று வந்தது. கொஞ்சமாக எடு என்றார் ரூத். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளில் வளர்ந்தவனுக்கா இந்த எச்சரிக்கை? கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டேன். மூக்கில் ஏறி மண்டையைப் பிடித்தது. கண்ணீர் ஆறாக ஓடியது. பெண்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கும் அழுவதற்கு ஒரு சாட்டுத் தேவையாக இருந்தது.

விருந்து முடியும்போது 'அடுத்த வருடம் ஜெருசலேமில்' என்று சொல்வது வழக்கம். அது எனக்குத் தெரியும். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ரூத் முந்திக்கொண்டார்.

"அடுத்த வருடம் கொப்பன்ஹேகனில். வருவீர்கள்தானே?"

"கட்டாயம் வருவம்," என்றாள் மலர்.

ரூத் என் பக்கம் திரும்பினார். "நீ ஒரு நாள் முந்தியே வந்துவிடு. எந்த நாள் என்று மட்டும் நீ யோசிக்காதே."

ரயில் டிக்கெட் எடுக்கும் வேலை எனக்குத் தரப்படவில்லை.