மொட்டைத் தலையில் பனிமலை

திருமுல்லைவாயில் மண்டபத்தில், காட்டு ஆய்வுக்குப் போய்வந்த ஒருவர் தான் கற்ற பாடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். சூடேறிய புரொஜெக்டரிலிருந்து தூசி கருகும் வாடை வந்தது. எனக்கு அந்த வாடையே ஆகாது.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க, என் சின்ன வயதில் ஒருநாள், பனிமலை. தாத்தா இழுத்துக்கொண்டு கிடப்பது தெரிந்தே இமயமலை ஏறப் போன சித்தப்பா, காரியமெல்லாம் முடிந்தபின் வந்து, படிய வாரிய தலைமுடியோடு அக்கம்பக்கத்தாருக்குப் புரொஜெக்டரில் படம் காட்டினார்.

"மல எனக்குப் பொறுமைய கத்துக்குட்த்துச்சு."

தனியாளாகக் கொள்ளி வைத்த அப்பா எழுந்து சுவரை மறைத்து நின்றார். அவருடைய மொட்டைத் தலையில் சிகரம் வெள்ளையாய் விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

"நவுரு அண்ணாத்தே, மல மறைக்குது," என்றார் சித்தப்பா.

அப்பா பிளக்கைப் பிடுங்கினார்.

"பெத்தவன் சாவுறவரிக்கும் இருக்க முடியல, இவனுக்குப் பொறுமையாம்! பொட்டிய எட்த்துகினு கெளம்பு. நான் செத்தாலும் வராத, மலைக்கே போ."