மஞ்சள் பட்டும் கலையாத மை

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போனில் தவமணி அண்ணன் பெயர் வந்தது. எடுத்த எடுப்பில், வழக்கம்போல, "என்னண்ணே, இன்னைக்கு எந்த ஊர்ல கள்ள ஓட்டு?" என்றேன். பேசியது அவர் மனைவி செல்வி அண்ணி. "உங்கண்ணன் போயிட்டாரும்மா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல" என்றார். அவருக்கென்று நான் வைத்திருந்த கடைசிக் கேலி அண்ணியின் காதில் போய் விழுந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் மேலூர்ப் பக்கத்துக்காரர். மைப் புட்டிகளும் ஊசிகளும் வைத்த பையை மொபெட்டில் தொங்கவிட்டு மதுரை முழுக்க ஜெராக்ஸ் கடைகளுக்கு வருவார். தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜில் மை நிரப்பிக் கொடுப்பார். அவருடைய பத்து விரலிலும் மை இருக்கும். அதனால்தான் அந்த ஓட்டுக் கேலி. விரல்களை விரித்துக் காட்டி, "பத்தும் உனக்குத்தான் குத்தினேன், தங்கச்சி. நீ ஏன் இன்னும் மந்திரியாகல?" என்பார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதக் கற்றதே கல்யாணப் பத்திரிகை அடித்துத்தான். வில்லாபுரத்தில் கடை போட்டபோது பிரிண்டர் மலிவாகக் கிடைத்தது என்று தெரு முழுக்கப் பெருமை பேசினேன். ஒரு மாதத்தில் மை தீர்ந்தது. கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என்று புது கார்ட்ரிட்ஜ் கேட்டால், அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் பிரிண்டரே வந்துவிடும். கடையை மூடிவிடலாம் என்று உட்கார்ந்திருந்த அன்றுதான் அண்ணன் முதல்முறையாக வந்தார்.

"ஆட்டைச் சும்மா மாதிரி குடுத்துட்டுத் தழையைத் தங்க விலைக்கு விக்கிற யாவாரம் தங்கச்சி இது. அவன் தழையைத் தவிர வேற எதையும் திங்காதுன்னு வேற சொல்லி அனுப்புவான்."

"அப்ப நீங்க யாருண்ணே? வேலிக்குள்ள கைய விட்டுத் தழை ஒடிக்கிறவரா?"

"ஆமா. ஆடு கத்தாமப் பாத்துக்க."

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரை உரித்து, ஓட்டையில் ஊசியை இறக்கி, சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். அவசரப்பட்டால் நுரைக்குமாம். பிறகு கார்ட்ரிட்ஜை டிஷ்யூ தாளில் ஓர் அழுத்து. விழுந்த கறை மேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, பேசாமல் உட்கார்ந்திருப்பார். கறை பரவாவிட்டால்தான் மாட்டுவார். "நம்மூர்ல காகிதம் சும்மா கெடக்காது தங்கச்சி. மஞ்சத் தண்ணி படும், சந்தனம் படும், வேர்வை படும். எதுக்கும் நிக்கணும்" என்பார். தவம் செய்கிறீர்களா என்று நான் கேலி செய்வேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் பக்கத்துத் தெரு முத்துலட்சுமி மகளுக்குக் காதணி விழாப் பத்திரிகை அடிக்க வந்தாள். அண்ணன் அப்போது மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். கறுப்பு மை தீர்ந்திருந்தது. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். நான் மலிவு மை விற்கும் சிம்மக்கல் கடைவீதிக்குப் போய், அண்ணன் மையைவிடப் பாதி விலைக்கு ஒரு புட்டி வாங்கினேன். அவர் விட்டுப்போன ஊசியால் நானே ஏற்றினேன். அச்சு பளிச்சென்று விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள் தடவித்தானே கொடுப்போம். வலது கீழ் மூலையில் தாய்மாமன் பெயர் இருந்தது. ஈர மஞ்சள் பட்டதும் பெயர் கரைந்து அந்த இடம் கறுப்பாகிவிட்டது. முத்துலட்சுமி கவனிக்காமல் அடுக்கி, முதல் பத்திரிகையை மேலூரில் இருந்த தன் அண்ணனுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். "எம் பேருல கரியப் பூசி, உசுரோட எனக்குக் கருமாதி ஓலை அனுப்புறீகளா? நான் வரமாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா?

முத்துலட்சுமி சனத்தோடு கடைக்கு வந்தாள். "எந்தப் பய ஊத்துன மை இது?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன், வந்தது கேலிதான். "நம்ம தவமணி அண்ணன் பால்காரரு வீட்டுல பொண்ணு எடுத்தவரு போல. மையிலயும் தண்ணிய ஊத்திட்டாரு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் தப்பித்துவிட்டேன்.

ஊர் திரும்பிய அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே வந்தார். கார்ட்ரிட்ஜைத் தாளில் அழுத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். கறை விரிந்து விரிந்து தாளின் ஓரம் வரை போனது. நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கழுவிட்டு மாத்தித் தாரேன். நீ பத்திரிகைய மறுபடி அடி" என்றார், அவ்வளவுதான். புதுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முத்துலட்சுமியோடு மேலூருக்கு அவரே போனார். "தங்கச்சி மேல தப்பு இல்லைங்க. மை என்னுது. வையிறதா இருந்தா என்னைய வைங்க" என்று வாசலில் நின்றாராம். அந்த மனிதரும் வைது தீர்த்துவிட்டு, "சரி, வாரேன். மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாராம். தாய்மாமன் சீரோடு வந்தார். பிள்ளைக்குக் காது குத்தியாயிற்று.

ஆனால் நான் சொன்ன கேலி அவர் மேல் அழியாமல் நின்றுவிட்டது. தண்ணி மைக்காரர் என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் பகுதியில் நான்கு கடைகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. அடுத்த தடவை வரும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவர் தலையைக் கண்டதும் கேலி முந்திக்கொள்ளும்.

போன மாதம் அவரே, "தொட்டி வச்ச பிரிண்டர் வந்திருக்கு தங்கச்சி. புட்டிய வாங்கி நீயே ஊத்திக்கலாம். நான் எதுக்கு?" என்றார்.

"அப்ப உங்க சோறு?"

"இங்க நான் சோத்துக்கா வாரேன்? உன் வாய்க்கு வாரேன்."

நான் வாங்கவில்லை. வாங்கினால் அவர் வரமாட்டார்.

மேலூர் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். விரல் மை போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடி போனேன். அண்ணி ஒரு புட்டியைக் கொண்டுவந்து தந்தார். அதில் அவர் கையெழுத்தில், 'வில்லாபுரம் தங்கச்சி' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"உனக்குன்னு எப்பவும் ஒரு புட்டி எடுத்து வைக்கச் சொல்லுவாரு. இல்லாட்டி அந்தப் புள்ள மறுபடி சிம்மக்கல்லுல போயி ஏமாந்து நிக்கும்பாரு. நீ எப்பம்மா அங்க போயி ஏமாந்த?"

சிம்மக்கல் போனதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மேலூர் வாசலில் போய் நின்றிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் மூன்று வருடமும் என் கேலிக்குச் சிரித்திருக்கிறார்.

அண்ணி கேட்டதற்குப் பதிலை எல்லோருக்குமாக இப்போது சொல்கிறேன். அந்த மை அண்ணனுடையது இல்லை. நான் வாங்கி, நானே ஊற்றியது. முத்துலட்சுமி, உன் அண்ணனிடம் இந்த அஞ்சலித் தாளைப் படித்துக் காட்டு. அந்த நான்கு கடைக்காரர்களும் படிக்கட்டும். உங்கள் கடைச் சுவரில் நானே வந்து ஒட்டுகிறேன்.

அவர் எடுத்து வைத்த புட்டியைத்தான் ஊற்றி இதை அடித்திருக்கிறேன். தாய்மாமன் பெயர் இருந்த அதே வலது கீழ் மூலையில் என் பெயரைப் போட்டேன். சரிபார்க்க அடித்த முதல் தாளில் அந்தப் பெயர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அவரைப்போலவே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பெயர் நின்றது.

போயிட்டு வாங்கண்ணே. விரலைப் பார்த்துவிட்டு அங்கே யாராவது கேட்டால், என்னைக் கை காட்டுங்கள். கள்ள ஓட்டு இல்லை என்று இந்தத் தடவை நான் சாட்சி சொல்கிறேன்.

பேச்சியம்மாள்,
வில்லாபுரம்.